ரோஜாவுக்கு மருந்து வாங்கும் முன்

அன்புள்ள காங்கேயம் சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் உறைக்குள் வைத்திருந்த ரோஜா இலைகளும் வந்து சேர்ந்தன. பூச்சிமருந்தை மாற்றி மாற்றி அடித்தும் மஞ்சள் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அடிக்காதீர்கள். அந்த இலைகளில் பூச்சியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இது இரும்புச்சத்துக் குறை.

மண்ணில் இரும்பு இருக்கிறது. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணும் போர் தண்ணீரின் காரமும் சேர்ந்து, அதை வேர் எடுக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளியுங்கள். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வேரில் போட்டால் அதுவும் சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகும். புதுக்கொழுந்து பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்; அதுதான் அடையாளம்.

தண்ணீர் மாறாவிட்டால் மஞ்சள் திரும்ப வரும். அடியிலை ஓரம் கருகுவது உப்பின் வேலை. நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றி, சாயக்கழிவு இறங்கிய கிணறுகளை வைத்துக்கொண்டு பாடுபட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ரோஜாவுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்பு அதில்தான் கூடுதலாகத் திரண்டிருக்கும். ஐப்பசி மழையைப் பிடித்து வையுங்கள். 1000 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. தொட்டிச் செடிகளுக்கு அது எத்தனை பெரிய வரம்! அந்தத் தண்ணீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றினால் தங்கிய உப்பும் கழுவிப்போகும்.

மற்றத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி, சித்திரையில் இலை மேல்புறம் ஊசிக்குத்துப் போல வெளிறினால், அடிப்பக்கத்தை வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள். பொடிப்புள்ளிகள் ஊர்ந்தால் செஞ்சிலந்தி. இது பூச்சி இனமே அல்ல. சில பூச்சிமருந்துகள் இதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று, இதைப் பெருக்கிவிடும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெருமளவு குறையும்.

கரும்புள்ளிப் பூஞ்சணம் நம் ஊரில் மழைமாதத் தொல்லை. இலை ஏழு மணி நேரம்போல நனைந்தே கிடந்தால்தான் அது முளைக்கும். ஆகவே காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் கொழுந்து வெள்ளைப்பொடி பூத்தால் சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் போதும். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

நுனியிலிருந்து குச்சி கருகி இறங்குவதைத்தான் நான் உண்மையிலேயே அஞ்சுகிறேன். தாமதிக்காமல், பச்சைத்தண்டு வரும்வரை இறங்கி வெட்டுங்கள். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுங்கள். 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து, இன்றும் கவாத்துக்குப் பின் நம்பிக் கையாளக்கூடியது. அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் உங்கள் போர் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, முடிவை எனக்கு எழுதுங்கள். உர அளவை அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்.