காயமுற்றவரும் கணக்கு எழுதுவோரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி உட்ரோ வில்சன் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கையொப்பமிட்ட மத்திய அரசு ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம், பணியின்போது காயமுற்ற தபால்காரர் முதல் வனக்காவலர் வரை அனைவருக்கும் சிகிச்சைச் செலவையும், இழந்த ஊதியத்தில் தனித்திருப்போருக்கு மூன்றில் இரண்டு பங்கையும், தம்மை அண்டி வாழ்வோர் உள்ளவருக்கு நான்கில் மூன்று பங்கையும் அளிக்கும் கடமையை இன்று அரசின்மீது சுமத்துகிறது. இந்த ஏற்பாட்டின் மருத்துவச் செலவு பெருகிவிட்டது என்று குரல் எழும்போதெல்லாம், ஆராய்ந்து பார்க்கப்படாத சில அபிப்பிராயங்கள் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகளைப்போல உலவத் தொடங்குகின்றன.

அவற்றுள் முதன்மையானது, ஊழியர்கள் இல்லாத வலியைச் சொல்லிச் சிகிச்சையை நீட்டிப்பதாலேயே செலவு ஏறுகிறது என்பதாகும். வஞ்சகர் ஒருவருமே இல்லை என்று யாரும் வாதிக்க முடியாது. ஆனால் பொய் மனு கொடுப்பது ஐந்தாண்டு வரை சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றமாக இருப்பதையும், காயத்துக்கும் பணிக்கும் உள்ள காரண சம்பந்தத்தை மருத்துவச் சான்றுடன் நிரூபிக்கும் பாரம் ஊழியர்மீதே இருப்பதையும் இவ்வாறு பேசுவோர் மறந்துவிடுகின்றனர். அதனினும் முக்கியமானது, சிகிச்சைக்கெனச் செலவாகும் பணத்தில் ஒரு காசும் ஊழியரின் கைக்கு வருவதில்லை என்பது. அது மருத்துவருக்கும் மருந்துக்கடைக்குமே போய்ச் சேருகிறது.

பணம் எங்கே போயிற்று என்பதற்குக் கலவை மருந்துகளின் சரித்திரம் ஒன்றே போதுமான சாட்சி. வலி நிவாரணிகளையும் மரப்பு மருந்துகளையும் கடையிலேயே ஒன்றாகக் குழைத்துத் தயாரிக்கும் பூச்சுக் களிம்புகள், அந்தக் கலவை வடிவில் மத்திய மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரம் பெறாதவை. அவற்றில் சேர்ந்த ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே பட்டியல் விலையை ஒட்டிப் பணம் வழங்கப்பட்டதால், சரக்குகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கடைக்காரரின் வருமானமும் கூடிற்று. நோயாளி தம் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லையாதலால், வீட்டுக்கு வந்து இறங்கிய ஒரு குழாய்க் களிம்பின் விலை என்ன என்பதை அவர் அறிய வழியே இருக்கவில்லை. 2011இல் ஏறத்தாழ 20 லட்சம் டாலராக இருந்த இம்மருந்துகளின் செலவு, 2016இல் 25 கோடி டாலரைக் கடந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஊழியர்களின் முழங்கால்கள் நூறு மடங்கு பலவீனமடைந்துவிட்டன என்று எவரேனும் நம்புவாரா? பணம் கொடுத்த தொழிலாளர் இலாகா விலையைக் கேட்கவில்லை, அவசியத்தையும் கேட்கவில்லை. கேளாதிருந்தது நெடுங்காலம் என்பதே இதிலுள்ள உண்மையான குறை.

காயமுற்றவர் தம் மருத்துவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறித்தால் செலவு சுருங்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆனால் செலவை ஏற்றுவது அந்த உரிமையன்று, சிகிச்சை தொடங்குவதில் நேரும் தாமதமே. பனி உறைந்த படியில் வழுக்கி முழங்கால் பிசகிய ஒரு தபால்காரரை நினைத்துப் பாருங்கள். மேலதிகாரி நான்கு மணி நேரத்துக்குள் வழங்கவேண்டிய சி.ஏ. 16 என்னும் படிவம், அறுபது நாள் வரை சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாதமாகும். அதை அலட்சியத்தாலோ சந்தேகத்தாலோ மேலதிகாரி தாமதித்தால், பணம் வருமோ வராதோ என்று மருத்துவர் தயங்குகிறார். வீக்கம் நாட்பட்ட நோவாகிறது. சில வாரங்களில் ஆறியிருக்கக்கூடிய கால், மாதக்கணக்கான ஊதிய இழப்பையும் கூடவே இழுத்து வருகிறது. முதல் நாளில் காட்டிய சிக்கனம் இப்படித்தான் பெருஞ்செலவாக விளைகிறது.

இது அரசாங்கப் பணம், எந்த அலுவலகத்துக்கும் இதனால் நஷ்டமில்லை என்பதும் பிழை. பொது நிதியிலிருந்து முதலில் கொடுக்கப்படும் தொகை, ஜூலை முதல் ஜூன் வரை ஆண்டுக் கணக்காகத் தொகுக்கப்பட்டு, அந்தந்த இலாகாவின் தலையிலேயே திரும்ப வந்து விழுகிறது. மிகப்பெரிய பங்கைச் செலுத்துவது தபால் துறை. ஆனால் சிகிச்சை முடிந்து நெடுநாள் கழித்து மொத்தமாக வரும் அந்தப் பட்டியல், தவறு நேர்ந்த வேளையில் அதைத் தடுக்க உதவுவதில்லை.

கட்டுப்பாடு என்றாலே மறுப்பு என்று அஞ்சும் ஊழியர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. 2016இன் பிற்பகுதியிலிருந்து கலவை மருந்துகளுக்கு, மருத்துவ அவசியத்தை விளக்கும் கடிதமொன்றை மருத்துவர் எழுதித்தர வேண்டும் என்ற விதி படிப்படியாக வந்தது. 2017இல் அபினி இனத்து வலிமருந்துகளைப் புதிதாகத் தொடங்குவோருக்கு, அறுபது நாளுக்கு மேல் தொடர்வதானால் அத்தகைய கடிதம் வேண்டும் என்றாயிற்று. களிம்புச் செலவு விரைந்து சரிந்தது. அக்கடிதத்தை எழுதவேண்டியவர் மருத்துவர்; நியாயமான காரணமுள்ளவருக்கு அது அரைப்பக்க வேலை. நெடுங்காலமாக அபினி மருந்தில் பழகிப்போன நோயாளியிடம் மட்டும் இந்தக் கண்டிப்பைத் திடீரென்று காட்டலாகாது. மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதே வைத்திய தர்மம். மருந்தின் விலையையும் தேவையையும் எழுதுபவரிடமும் விற்பவரிடமும் கேட்கும் இந்த முறையை, ஊழியர் சங்கங்கள் எதிர்க்க வேண்டியதில்லை. தாமே முன்வந்து கோரவேண்டும்.