பாசிக்குப் பெயர் வைத்த டாக்டர்



இந்தக் கட்டுரை நான் வாங்கிய ஒரு சிவப்பு மை வட்டத்தில் இருந்து தொடங்குகிறது. போன மாதம் தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் மாஸ் செடி படம் வரைந்தேன். செடியின் உச்சியில் இருந்து ஒரு மெல்லிய காம்பு கிளம்பி, அதன் நுனியில் குட்டிப் பேரிக்காய் மாதிரி ஒன்று தொங்கும் இல்லையா? அதுக்குள்ளே தூள் தூளாக இருக்கே, அப்போ இது மகரந்தப்பைதான் என்று நானே முடிவு பண்ணி, அம்புக்குறி போட்டு எழுதிவிட்டேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்த இடத்தில் சிவப்பு வட்டம்! வகுப்பே சிரித்தது. ஆனால் எங்கள் மிஸ் சிரிக்கவில்லை. “நீ செஞ்ச அதே தப்பை லின்னேயஸே செஞ்சிருக்கார். அதைத் திருத்துனது யாருன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டு வா” என்றார். தேடினேன். கிடைத்தவர் ஒரு டாக்டர். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற நிஜ டாக்டர்!

முதலில் ஒரு சின்ன விளக்கம்

நாம் பச்சையாகப் படர்ந்திருக்கிற எல்லாவற்றையும் ‘பாசி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் மூன்று வகை இருக்கிறது.

1. ஆல்கா: குளத்துத் தண்ணீரிலும் வழுக்குகிற படிக்கட்டிலும் இருப்பது. இதற்கு உண்மையான தண்டு, இலை எதுவும் கிடையாது.

2. மாஸ்: ஈரச் சுவரில் பச்சை வெல்வெட் துணி போல இருப்பது. கிட்டப் போய்ப் பார்த்தால் குட்டித் தண்டும் குட்டி இலையும் தெரியும். ஆனால் பூ, காய், உண்மையான வேர் கிடையாது.

3. லைக்கன்: பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள் நிறத்தில் தேமல் மாதிரி ஒட்டியிருப்பது. இது தனி ஒரு செடியே அல்ல. ஒரு பூஞ்சையும் ஆல்காவும் (சிலவற்றில் நீலப்பச்சைப் பாக்டீரியா) சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம்.

லின்னேயஸ் செய்த தவறு

தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை 1753இல் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ என்ற நூலில் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். இது நமக்குத் தெரிந்ததுதான். அவர் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். எதை வைத்து? பூவில் உள்ள மகரந்தத் தாள்களை வைத்து. சரி, பூவே இல்லாத செடியை என்ன செய்வது? பெரணி, மாஸ், ஆல்கா, லைக்கன், காளான் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசி வகுப்பில் போட்டுவிட்டு, ‘கிரிப்டோகேமியா’ என்று பெயர் வைத்தார். மறைவாகத் திருமணம் செய்துகொள்பவை என்று அர்த்தம்! மாஸின் அந்தப் பேரிக்காய் உறுப்பை மகரந்தப்பை என்றும், உள்ளே இருக்கும் தூளை மகரந்தம் என்றும் அவர் நினைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதை எதிர்த்துச் சொல்ல யாருக்கு அவ்வளவு எளிதில் தைரியம் வரும்?

சொந்த ஊரில் வேலை இல்லை

அந்த டாக்டரின் பெயர் யோகான் ஹெட்விக். 1730 டிசம்பர் 8ஆம் தேதி டிரான்சில்வேனியாவில் உள்ள கிரோன்ஸ்டாட் நகரத்தில் பிறந்தார். இப்போது அது ருமேனியா நாட்டில் இருக்கிறது. பிராஷோவ் என்று பெயர். ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1759இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊருக்குப் போய் நம்ம ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று ஆசையோடு திரும்பினார். ஆனால் அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. ‘உன்னிடம் ஆஸ்திரியப் பட்டம் இல்லை, இங்கே தொழில் செய்யக் கூடாது’ என்று சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கே போனார். கெம்னிட்ஸ் என்ற ஊரில் மருத்துவராக வேலை ஆரம்பித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் இருபது வருடங்கள் அங்கேயே வைத்தியம் பார்த்தார்.

அந்தக் காலத்தில் மருந்து என்றாலே பெரும்பாலும் செடிகொடிதான். அதனால் மருத்துவம் படிப்பவர்கள் தாவரவியலும் படித்தே ஆகவேண்டும். லின்னேயஸே ஒரு டாக்டர்தான். ஆனால் ஹெட்விக் மருந்துச் செடியோடு நிற்கவில்லை. எந்த நோய்க்கும் அவருக்கு உதவாத மாஸ் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. காலையில் நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் செடி சேகரிப்பார். பகல் முழுவதும் வைத்தியம். மாலையில் வீட்டுக்கு வந்து, சேகரித்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். அந்த மைக்ராஸ்கோப்பும் சில புத்தகங்களும் ஷ்ரேபர் என்ற தாவரவியல் அறிஞரின் உதவியால் கிடைத்தவை. 50 மடங்கில் இருந்து 290 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்த்து, பார்த்ததைத் தன் கையாலேயே படமாக வரைந்தார். ஆய்வகம் கிடையாது, சம்பளம் கிடையாது, மார்க்கும் கிடையாது!

அவர் என்ன கண்டுபிடித்தார்?

இதுதான் முக்கியமான பகுதி. தேர்வுக்கும் உதவும்.

மாஸ் செடியின் நுனியில் இலைகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். அந்த இலைகளைப் பிரித்து உள்ளே பார்த்தார் ஹெட்விக். சில நுனிகளில் நீள்உருண்டையான சின்னச் சின்னப் பைகள் இருந்தன. அவை முதிர்ந்ததும் வாய் திறந்து உள்ளிருப்பதை வெளியே தள்ளின. இவைதான் ஆண் உறுப்புகள் என்றார். இப்போது நாம் ஆந்தரிடியம் என்கிறோம். வேறு நுனிகளில் கழுத்து நீண்ட பாட்டில் போன்ற உறுப்புகள் இருந்தன. இவை பெண் உறுப்புகள். இப்போது நாம் ஆர்க்கிகோனியம் என்கிறோம்.

அப்படியானால் அந்தப் பேரிக்காய்? பெண் உறுப்புதான் வளர்ந்து, காம்பு நீண்டு, கேப்சூல் ஆகிறது என்று காட்டினார். அதாவது அது பூவின் ஆண் பகுதி அல்ல, கருவுறுதலுக்குப் பிறகு வருவது. உள்ளே இருக்கும் தூள் மகரந்தமும் அல்ல. அதற்கு அவர் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தத் தூளை எடுத்து விதைத்துப் பார்த்தார்! மகரந்தத்தை மண்ணில் தூவினால் செடி முளைக்குமா? முளைக்காது. ஆனால் இந்தத் தூளில் இருந்து பச்சை இழைகள் கிளம்பின. ஆக அது ஸ்போர் என்று முடிவாயிற்று. வாதம் பண்ணி ஜெயிக்கவில்லை, விதைத்து ஜெயித்தார்.

பூவாத் தாவரங்களின் இனப்பெருக்கம் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமி பரிசு கொடுத்தது. அது 1784இல் நூலாக வெளிவந்தது. ஹெட்விக் 1781இல் லைப்சிக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். 1786இல் அங்கே மருத்துவப் பேராசிரியர் ஆனார். 1789இல் தாவரவியல் பேராசிரியராகவும் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது 58!

அவர் சொன்னது எல்லாமே முடிந்த முடிவு என்று நினைக்கக் கூடாது. ஸ்போரில் இருந்து முதலில் வரும் இழைகளை அவர் விதையிலை போன்றது என்று எண்ணினார். அது சரியல்ல. இன்று அதை நாம் புரோட்டோனீமா என்கிறோம். மாஸில் கேமிட்டோபைட், ஸ்போரோபைட் என்று இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருவதை 1851இல் ஹோஃப்மைஸ்டர்தான் தெளிவாக விளக்கினார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்கிறார், அவ்வளவுதான்.

வாய் நிறையப் பல்

கேப்சூலின் மூடி விழுந்ததும், வாயைச் சுற்றிக் குட்டிப் பற்கள் தெரியும். இதற்குப் பெரிஸ்டோம் என்று பெயர். ஹெட்விக் இந்தப் பற்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வைத்துத்தான் மாஸ்களை வகைப்படுத்தினார். பல் எண்ணிக்கை பொதுவாக நான்கின் மடங்கில் வரும்: 4, 16, 32 என்று. காற்றின் ஈரத்தைப் பொறுத்து இந்தப் பற்கள் வளைந்தும் நிமிர்ந்தும் ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன.

ஹெட்விக் 1799 பிப்ரவரி 18ஆம் தேதி இறந்துபோனார். அவருடைய பெரிய நூலான ‘ஸ்பீசிஸ் மஸ்கோரம்’ அவர் கண் முன்னால் வெளிவரவில்லை. மாணவர் ஷ்வேக்ரிஷன் அதைச் சரிபார்த்து 1801இல் வெளியிட்டார். நல்ல மாணவன் கிடைத்தால் ஆசிரியர் சாவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

உங்களுக்குத் தெரியுமா?

● பூக்கும் தாவரங்களின் பெயர்களுக்கு 1753 தான் தொடக்க ஆண்டு. ஆனால் மாஸ்களின் பெயர்களுக்கு மட்டும் 1801 ஜனவரி 1 தொடக்கம். ஹெட்விக் நூலுக்குக் கொடுத்த மரியாதை! (ஸ்பாக்னம் வகை மட்டும் இதற்கு விதிவிலக்கு.)

● ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்ற பெயருக்குப் பின்னால் ‘ஹெட்வ்.’ என்று போட்டிருப்பார்கள். அது ஏதோ அச்சுப் பிழை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இவருடைய பெயரின் சுருக்கம்.

● உலகத்தில் ஏறத்தாழ 12,000 வகை மாஸ்கள் இருக்கின்றன.

லைக்கனுக்கும் ஒரு டாக்டர்

மாஸுக்கு ஹெட்விக் என்றால் லைக்கனுக்கு எரிக் அக்காரியஸ் (1757 – 1819). இவரும் டாக்டர்தான்! சுவீடனில் வாட்ஸ்டேனா என்ற ஊரில் மருத்துவராக இருந்தார். லின்னேயஸிடம் படித்த மாணவர். குருநாதர் லைக்கன்களை எல்லாம் ‘லைக்கன்’ என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தார். சிஷ்யர் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார். 1803, 1810 ஆகிய ஆண்டுகளில் பெரிய நூல்கள் எழுதினார். நாம் படிக்கும் அப்போதீசியம் என்ற சொல் இவர் கொடுத்தது. லைக்கன் என்பது இரண்டு உயிர்களின் கூட்டு என்று சுவெண்டனர் அறிவித்தது இவருக்கு ரொம்பப் பின்னால், 1860களில்தான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: காய்ந்து சுருண்ட மாஸ் கொஞ்சம், ஒரு சொட்டு தண்ணீர், ஒரு கைலென்ஸ்.

காய்ந்த மாஸை வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸில் பாருங்கள். இலைகள் தண்டோடு ஒட்டிக் கிடக்கும், செத்துப் போனது போல. இப்போது ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் இலைகள் விரியும்! மாஸுக்கு வேர் இல்லாததால் உடம்பெல்லாம் தண்ணீர் குடிக்கிறது. கருவுறுவதற்கும் தண்ணீர் வேண்டும். ஆண் செல் நீந்தித்தான் பெண் உறுப்பை அடைய முடியும். அதனால்தான் மழைக்காலம் வந்தால் இதற்குக் கொண்டாட்டம்.

ஒரு வேண்டுகோள்

நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இப்போது மாஸ் செழிப்பாக இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு முன்பு எல்லாச் சுவரையும் சுரண்டி வெள்ளையடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நடக்கிற பாதையில் வழுக்குவதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் யாரும் கால் வைக்காத அந்தச் சுவரில் ஒரு முழம் மட்டும் விட்டு வையுங்கள் ஐயா. இன்னும் சில வாரங்களில் கேப்சூல் முதிர்ந்து மூடி திறக்கும். நானும் என் நண்பர்களும் தினமும் காலை மணி அடிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வருகிறோம். அந்தத் தூளை ஈர மண்ணில் தூவி, ஹெட்விக் செய்த சோதனையை நாங்களும் செய்யப் போகிறோம். முளைத்தால் அடுத்த இதழில் படத்தோடு எழுதுவேன். முளைக்காவிட்டாலும் எழுதுவேன்.

ரெக்கார்டு நோட்டில் அந்தச் சிவப்பு வட்டத்தை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் ‘கேப்சூல்’ என்று திருத்தி எழுதி, கீழே ‘ஹெட்வ்.’ என்று சின்னதாகப் போட்டு வைத்திருக்கிறேன்.



– பதினொன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்