அந்நிய தேசத்தில் கைப்பணம்

அயல்நாட்டு யாத்திரைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்குள்ள மாதாகோயில்களையும் பாலங்களையும் சித்திரசாலைகளையும் பக்கம் பக்கமாக வருணிப்பார்களே ஒழிய, அந்தத் தேசத்துப் பணம் தங்கள் கைக்கு வருவதற்குள் பட்ட பாட்டைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அது கௌரவமான விஷயமல்ல என்ற எண்ணமோ என்னவோ! ஆனால் இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவராக இருந்த ஜே. சி. ஃபார்கோ ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, தாம் கொண்டுபோன பாங்கிக் கடிதங்களை வைத்துக்கொண்டு பெருநகரங்களுக்கு வெளியே பணம் பெறுவது பெரும்பாடாக இருப்பதைக் கண்டு, கோபத்தோடு ஊர் திரும்பித் தம் அலுவலரிடம் குறைபட்டுக்கொள்ள, அதன் பலனாக 1891-ல் பிறந்ததுதான் டிராவலர்ஸ் செக்கு. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது அதை ஒத்த இன்னொரு கையெழுத்து. இரண்டும் பொருந்தினால்தான் பணம்.

அந்தச் செக்குகள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. அவற்றின் ஸ்தானத்தை ஏ.டி.எம். இயந்திரம் பிடித்துக்கொண்டது. 1967 ஜூன் 27-ந் தேதி லண்டனின் வடபுறமான என்ஃபீல்டில் பார்க்லேஸ் பாங்கி திறந்து வைத்த இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்க எண்ணியிருந்ததாகவும், தம் மனைவிக்கு நான்கு இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்காது என்று தெரிந்ததும் நான்காகக் குறைத்ததாகவும் அவரே பிற்காலத்தில் சொன்னார். உலகத்தாரின் சேமிப்பில் பெரும்பகுதி ஓர் அம்மையாரின் ஞாபகசக்தியை அளவுகோலாகக் கொண்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

பழைய செக்கை மாற்றும்போது எதிரே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். முகத்தையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இயந்திரத்துக்கு முகம் தெரியாது. ஆகவே ஜாக்கிரதை முழுவதும் பிரயாணியின் பொறுப்பு என்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். இரவெல்லாம் விமானத்தில் மடங்கி உட்கார்ந்து, தூக்கம் கெட்டு, பாஷை தெரியாத ஊரில் பெட்டியும் கையுமாக இறங்கி நிற்கும் மனிதனிடம் ஜாக்கிரதையை எதிர்பார்ப்பது நியாயமன்று. அவன் அயர்ந்தாலும் அயராத ஒன்று வேண்டும், அது வரம்பு. அட்டை திருடர் கையில் சிக்கினாலும் இவ்வளவுக்குமேல் போகாது என்ற எல்லையை, சொந்த ஊரில், சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் அனுபவம்.

அதற்கு நான் கைக்கொள்ளும் முறை இது. பென்ஷனும் சேமிப்பும் கிடக்கும் பிரதான கணக்கின் அட்டையை நான் கடல் கடந்து கொண்டுபோவதே இல்லை. வேறொரு பாங்கியில் சிறு கணக்கு ஒன்று வைத்து, பிரயாணச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும், அதுவும் ஒரே தடவையாக அல்லாமல் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதாகப் பார்த்து, போன் வழியே அவ்வப்போது அதற்கு மாற்றிக்கொள்கிறேன். ஏரியின் மதகை அடைத்துவிட்டு வாய்க்காலில் மட்டும் நீர் விடுவதைப்போல. 2020-ல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதியின்படி, நம் நாட்டில் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் வெளிநாட்டு உபயோகத்துக்கு மூடப்பட்ட நிலையிலேயே வருகின்றன. அதைத் திறப்பதும் மூடுவதும், ஏ.டி.எம்.முக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, இணையத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியே உச்சவரம்பு விதிப்பதும் நம் கையில் இருக்கின்றன. நான் இணைய உபயோகத்தைத் திறப்பதேயில்லை. நம் ஊரில் ஓ.டி.பி. கேட்காமல் இணையத்தில் வாங்க முடிவதில்லை என்ற பழக்கத்தால் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். வெளிநாட்டு வியாபாரிகள் பலர் அட்டையின் எண்களை மட்டும் பெற்றுக்கொண்டு ஓ.டி.பி. இல்லாமலே பணத்தை எடுத்துக்கொள்ள முடியும்.

கிரெடிட் கார்டை ஓட்டலுக்கும் கடைக்கும் வைத்துக்கொள்ளலாமே தவிர, அதில் ரொக்கம் எடுப்பது பெரும் நஷ்டம். கட்டணம் ஒருபுறமிருக்க, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கார்டு எதுவானாலும் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இன்னொரு சிறு விஷயம்: அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. அங்கிருந்து கூப்பிடுவதற்கென்று பாங்கி தரும், 91 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் மட்டுமல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். போன் தொலைந்தால் போனுக்குள் இருக்கும் எண்ணும் அல்லவா தொலைந்துபோகிறது!

இனி, வந்து இறங்கிய இடத்தைப் பற்றிச் சொல்லலாம். செக் நாட்டுத் தலைநகரமான பிராக், இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சிறந்த பாடசாலை. அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தும் யூரோவை ஏற்காமல் தன் கொருனாவையே வைத்துக்கொண்டிருப்பதால், அங்கே வரும் பிரயாணிகளில் பலர் ஒருதரமாவது பணம் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றுகிறவன் இருக்கும் இடத்தில் ஏமாற்றுகிறவனுக்கும் பிழைப்பு உண்டு. பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலம் வரைக்கும் போகும் சந்துகளில், பாங்கிகளோடு சம்பந்தமில்லாத ஏ.டி.எம்.கள் கடைகளுக்கு நடுவே பளபளவென்று நிற்கின்றன. இவை திருட்டு இயந்திரங்கள் அல்ல, சட்டப்படி இயங்குகிறவைதான். அதனாலேயே அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டையைச் செருகியதும் இயந்திரம் பெருந்தொகைகளை வரிசையாகக் காட்டும். சிறுதொகை வேண்டுமானால் மூலையில் உள்ள 'வேறு தொகை' என்ற பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைத் தாண்டினால், உங்கள் பணத்தை உங்கள் நாட்டு நாணயத்திலேயே, இந்த நிச்சயமான விகிதத்தில், கணக்கிட்டுத் தரட்டுமா என்று வெகு பவ்வியமாக ஒரு கேள்வி வரும். என்னுடன் வந்திருந்த நண்பர், கும்பகோணத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திரையில் ரூபாயைக் கண்டதும் மகிழ்ந்துபோனார். "நம்ம ரூபாயிலேயே காட்டுகிறதே ஸார், கணக்கு சுலபமாயிற்றே!" என்றார். அவரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, அன்றைய விகிதத்தைப் போனில் பார்த்துப் பெருக்கிக் காட்டினேன். 6,000 கொருனாவுக்கு இயந்திரம் கேட்ட ரூபாய்க்கும் உண்மை மதிப்புக்கும் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இந்த மாற்றத்தில் இயந்திரக்காரர் வைத்துக்கொள்ளும் லாபம் பத்து சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வமன்று. நம் பாங்கிகளோ பெரும்பாலும் மூன்று, மூன்றரை சதவீதம்தான் வாங்குகின்றன. வெளிநாட்டில் ரூபாயாக மாற்றிக்கொண்டதற்கு அதற்குமேல் தனிக் கட்டணம் போடும் பாங்கிகளும் உண்டு.

'மாற்றம் வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினால் பணமே வராமல் போய்விடுமோ என்று பயந்து பலர் சம்மதித்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தை வளர்க்கும் வண்ணமாகவே வாசகங்களை அமைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பயப்பட வேண்டியதில்லை. மாற்றத்தை மறுத்தால் பணம் கொருனாவாகவே கணக்கில் ஏறும். நோட்டுகள் குறையாமல் வரும். ஓட்டலில் பில் கொடுக்கும்போது கையடக்க இயந்திரத்தை நீட்டி "ரூபாயா, கொருனாவா?" என்று கேட்பதும் இதே சமாசாரந்தான். உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் நமக்குக் கொடுத்திருக்கின்றன. கேட்காமலே ரூபாயில் சீட்டு அடித்துக் கொடுத்தால், அதை ரத்துசெய்து மறுபடி போடும்படி புன்னகையோடு சொல்லலாம். நான் சொன்ன இடங்களில் யாரும் சண்டைக்கு வரவில்லை.

நிஜமான திருட்டு வேறு விதம். அட்டை நுழையும் வாயின்மேல் அதே நிறத்தில் இன்னொரு வாயைப் பொருத்தியோ, உள்ளே மெல்லிய தகடு ஒன்றைச் செருகியோ, கறுப்புக் காந்தப் பட்டையில் உள்ள விவரத்தைப் பிரதியெடுக்கிறார்கள். ஊசித்துளை அளவான காமிரா, விரல்கள் அழுத்தும் எண்களைப் படம்பிடிக்கிறது. சிப் ஒவ்வொரு வியவகாரத்துக்கும் புதிய சங்கேதம் ஒன்றை உண்டாக்குவதால் அதைப் பிரதியெடுத்துப் பயனில்லை. ஆனால் பட்டையைப் பிரதியெடுத்த போலி அட்டை, சிப்பைக் கேட்காத வேறு ஏதோ நாட்டில் செல்லுபடியாகிவிடக்கூடும். இதற்கெல்லாம் மருந்து மிக எளியது: பாங்கிக் கட்டடத்துக்குள் உள்ள இயந்திரத்தை, பாங்கி திறந்திருக்கும் வேளையில் நாடுவதும், எண்ணை அழுத்தும் கையை மறு கையால் மூடிக்கொள்வதும். அட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் பக்கத்தில் முறையிட ஒரு மனிதர் இருப்பார் என்பது இதில் இரட்டை லாபம். தெருவோர இயந்திரத்தில் அட்டை சிக்கிக்கொள்ளும் தருணம் பார்த்து, "எண்ணை இன்னொரு தரம் அழுத்திப் பாருங்கள்" என்று உதவிக்கு வருகிறவரே அட்டையைச் சிக்கவைத்தவராக இருக்கக்கூடும்.

தெருவில் நோட்டுக்கட்டோடு அணுகி நல்ல விகிதம் பேசுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் தரும் கட்டில் வேறு நாட்டு நோட்டுகளோ செல்லாத நோட்டுகளோ கலந்திருக்கும். அதைவிடத் துணிச்சலானது, கள்ளநோட்டைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு பணப்பையைக் காட்டச் சொல்லும் போலிப் போலீஸ். பையை எடுக்காமல், உண்மைப் போலீஸை 158-ல் கூப்பிடுகிறேன் என்றாலே பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள். பணம் மாற்றும் கடைகளில் வெளியே பெரிதாக எழுதியிருப்பது அவர்கள் விற்கும் விலையா, வாங்கும் விலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'கமிஷன் இல்லை' என்ற வாசகத்துக்கு அர்த்தமே கிடையாது, லாபம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. செக் அரசாங்கம் 2019-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு கொண்டுபோனால், கடைக்காரர் அந்த மாற்றத்தை ரத்துசெய்தே ஆக வேண்டும். ரசீதைக் கசக்கி எறிகிறவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது.

எல்லாத் தேசங்களும் பிராக் அல்ல. ஜப்பானில் சிரமம் ஏமாற்றத்தால் வருவதன்று. பல பாங்கி இயந்திரங்கள் அயல்நாட்டு அட்டையை ஏற்காமல் திருப்பித் துப்பிவிடுவதால் வருவது. அங்கே தபாலாபீஸ் இயந்திரங்களையும், செவன்-இலெவன் கடைகளுக்குள் இருக்கும் செவன் பாங்கி இயந்திரங்களையும் நம்பிப் போகலாம். தாய்லாந்தில் நான் போனபோது ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் 220 பாட் கட்டணம் என்று இயந்திரமே அறிவித்தது. அத்தகைய ஊரில் பலமுறை சிறுதொகை எடுப்பதைவிட ஒருமுறை பெருந்தொகை எடுத்து, ஒரு பகுதியை அறையின் பெட்டகத்தில் வைப்பதே சிக்கனம்.

இவ்வளவும் செய்து, தெரியாத செலவு ஒன்றைப் பற்றிய குறுஞ்செய்தி வந்துவிட்டால், முதலில் அட்டையை மூட வேண்டும், வருத்தப்படுவதெல்லாம் அப்புறம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, நம் தவறோ பாங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்தால், பாங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் ரகசிய எண்ணை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை போனதெல்லாம் நம் பொறுப்பு. குறுஞ்செய்தி வந்து சேர வேண்டுமே என்பதற்காக, அங்கே வேறு சிம் வாங்கினாலும் நம் ஊர் சிம்மைப் போனிலிருந்து கழற்றாமல் ரோமிங்கில் வைத்திருக்கிறேன். புகாரை எழுத்தில் கொடுத்துப் புகார் எண்ணைப் பெறுவதும், உள்ளூர்ப் போலீஸில் ஒரு பிரதி வாங்குவதும் பின்னால் வாதாட உதவும்.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டு உபயோகத்தை உடனே மூடிவிட்டு, பிரயாணத்தில் சேர்ந்த சீட்டுகளை ஒரு உறையில் போட்டு, அடுத்த இரண்டு மாதக் கணக்குப் பட்டியலோடு வரிவரியாக ஒத்துப் பார்க்கிறேன். அட்டை விவரத்தைத் திருடியவர்கள் உடனே பெருந்தொகைக்குக் கைநீட்டுவதில்லை. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று யாரும் கவனியாத ஒரு சிறு செலவைச் செய்து, அட்டை உயிரோடிருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். பட்டியலில் என் கண் தேடுவது அந்த ஐம்பது ரூபாயைத்தான்.