வேளைக்காரர்

தமிழ்ச் சொற்களுள் ஓரெழுத்து வேறுபாட்டாற் பொருள் முற்றும் வேறாவன பல. வேலைக்காரன் என்னும் சொல் யாவரும் அறிந்ததே. வேளைக்காரன் என்னும் சொல்லோ இன்று வழக்கொழிந்து, கல்வெட்டுக்களிலும் பழநூல்களிலும் மாத்திரம் வாழ்கின்றது. அருணகிரிநாதர் முருகப்பெருமானைப் பாடிய 'வேளைக்காரன் வகுப்பு' என்பதன் தலைப்பில் அதனைக் காண்கிறோம். அரசனுக்கு இடுக்கண் உற்ற வேளையில் உயிரையும் கொடுத்துக் காப்போம் என ஆணையிட்டுப் படையிற் சேர்ந்தவரே வேளைக்காரர் என்பது அறிஞர் பலர் கொள்ளும் பொருள். வேலைக்காரன் கூலிக்கு உழைப்பவன். வேளைக்காரன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். எனினும் வேளைக்காரனும் ஊதியம் பெற்றவனே. ஆகவே, கூலி பெறுபவனது உறுதிமொழி எத்துணைத் தூரம் தாங்கும் என்னும் வினா இப்படையின் வரலாற்றை ஆராயப் புகும் நம் முன் எழுகின்றது.

சோழ வேந்தனாகிய முதலாம் இராசராசன் வேளைக்காரப் படைகள் பலவற்றை உடையனாயிருந்தான் என்பது தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களால் அறியப்படும். ஆயின் நாம் இங்குக் கூறப்புகுவது சோழநாட்டு வேளைக்காரரை அன்று. கடல் கடந்து ஈழத்துச் சிங்கள மன்னனுக்குக் காவல் பூண்ட வேளைக்காரரையே. சோழர் ஈழத்தின்மீது படையெடுத்து, 1017-ஆம் ஆண்டில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்றனர். பின்னர் முதலாம் விசயபாகு நெடுநாட் போராடி, 1070-ஆம் ஆண்டில் அவர்களைத் துரத்திப் பொலன்னறுவையைத் தனதாக்கினான். தமிழ் வேந்தரை ஓட்டிய அம்மன்னனே தன் படையில் தமிழ் வீரரை வைத்திருந்தான் என்பது வியப்பைத் தருவதொன்று. ஆயினும் அது காரணமற்ற செயலன்று. உள்நாட்டுத் தலைவர்களுள் அரசுரிமை நாடுவோர் பலர் இருப்பர். அயல்நாட்டு வீரனுக்கோ அரசனையன்றி வேறு பற்றுக்கோடில்லை. இதனாலேயே பல தேசத்து மன்னரும் தம் உயிர்க்காவலை அயலாரிடம் ஒப்புவித்தனர்.

இப்படையின் உறுதி முதன்முதற் பெருஞ்சோதனைக்குள்ளாயது விசயபாகுவின் 30-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறக்குறைய 1085-ஆம் ஆண்டில். கருநாட வேந்தனிடம் விசயபாகு விடுத்த தூதரைச் சோழர் பிடித்து அவர்தம் செவியையும் மூக்கையும் அரிந்தனர் என்று பாலிமொழியில் இயன்ற சூளவம்சம் கூறும். சினங்கொண்ட மன்னன் சோழநாட்டின்மேற் செல்லப் படைத்தலைவர் இருவரைத் துறைமுகங்களுக்கு அனுப்பினான். கலங்களும் உணவும் சேர்க்கப்படுங்கால், செல்ல விரும்பாத வேளைக்காரர் கிளர்ந்தெழுந்தனர். படைத்தலைவர் இருவரையும் கொன்றனர், மன்னனுடைய தங்கையையும் அவள் மைந்தர் மூவரையும் பிடித்துக்கொண்டனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் தலைநகரை விட்டு நீங்கி, மீண்டும் படைதிரட்டி வந்து பொலன்னறுவையைக் கைக்கொண்டான். கலகத் தலைவரைக் கைகட்டி, அவர்களாற் கொல்லப்பட்ட படைத்தலைவரின் ஈமத்தீயைச் சுற்றி நிறுத்தி எரிப்பித்தான். தீயிட்டவர்க்குத் தீயே தண்டமாயிற்று.

உயிரையும் தருவோம் என்று ஆணையிட்டவர் இங்ஙனம் செய்தது யாது காரணம்? விரும்பாமை என்னும் ஒன்றை மாத்திரமே அந்நூல் கூறுகின்றது. தம் இனத்தார்மீது வாளெடுக்க அவர் மனம் ஒருப்படவில்லை போலும் என ஊகித்தல் பொருந்தும். இதனைத் தெளிவாய் அறிய, அதே காலத்தில் வேறொரு தேசத்தில் நிகழ்ந்ததனை ஒப்புநோக்குவோம். கான்ஸ்தாந்திநோபிள் நகரத்துக் கிரேக்கப் பேரரசர்க்கு வராங்கியர் என்னும் வடபுலத்தார் மெய்காப்பாளராயிருந்தனர். 988-ஆம் ஆண்டளவில் கீயெவ் நகரத்து விளாதிமிர் அனுப்பிய 6000 வீரரே அப்படைக்கு அடிப்படையாயினர். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நாடிழந்த ஆங்கிலர் பலர் அங்குச் சென்று அப்படையிற் சேர்ந்தனர். 1081-ஆம் ஆண்டில் திராக்கியம் என்னுமிடத்தில் அலெக்சியசு பேரரசனை நார்மானியர் எதிர்த்தபொழுது, கோடரி ஏந்திய வராங்கியர் பகைவரின் ஓரணியைச் சிதைத்து, மிக முன்னேறிச் சென்று களைத்தனர். எஞ்சியோர் ஒரு தேவாலயத்துட் புகுந்தனர். பகைவர் அதற்குத் தீயிட, உள்ளேயே மாண்டனர்.

நாலாண்டு இடையீட்டில் நிகழ்ந்தவை இவ்விரண்டும். ஒரு படை அரசனுக்காகத் தீயில் மாண்டது. மற்றொரு படை அரசன் மனைக்கே தீ வைத்தது. முன்னையோர் உத்தமர், பின்னையோர் துரோகிகள் என்று உடனே தீர்ப்புக் கூறிவிடலாம். ஆயின் சற்று நின்று நோக்குவோமாக. ஆங்கிலர் எதிர்த்த நார்மானியர் அவர்தம் நாட்டைப் பறித்த இனத்தார். ஆதலின் அவர் பெற்ற கூலியும் அவர் நெஞ்சின் சினமும் ஒரே திசையில் அவர்களைச் செலுத்தின. வேளைக்காரர்க்கோ கூலி ஒரு திசையிலும் குருதி ஒரு திசையிலுமாக ஈர்த்தன. ஆகவே வராங்கியரின் உறுதி அன்று சோதிக்கப்படவேயில்லை எனலாம். வேளைக்காரரது உறுதியோ சோதிக்கப்பட்டு முறிந்தது. இஃது அவர் செய்த கொலையை நியாயமாக்காது. போருக்குச் செல்ல மறுத்தல் வேறு. பெண்ணையும் பிள்ளைகளையும் பிடித்தல் வேறு. ஆயினும் முறிந்ததன் காரணத்தை உணராது பழித்தல் வரலாறு கற்பார்க்கு அழகன்று.

இதற்குப்பின் அப்படை அழிந்துபோயிற்று என்று நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்ததோ வேறு. விசயபாகுவின் 42-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, கந்தளாயிலிருந்த சிவாலயத்திற்கு ஓர் அந்தணப் பெண் வைத்த அறத்தினை வேளைக்காரர் காவலில் விட்ட செய்தியைக் கூறுகின்றது. கலகம் நிகழ்ந்து பன்னீராண்டே கழிந்திருந்தது. அதனினும் சிறந்தது பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் கற்பலகை. 55 ஆண்டு அரசாண்ட அம்மன்னன் மறைந்தபின் பொறிக்கப்பட்டதெனக் கருதப்படும் அக்கல்வெட்டு, வடசொல் விரவிய தமிழிலானது. புத்தர்பெருமானின் தந்தத்தை வைத்த கோயிலைக் காக்குமாறு இராசகுருவாகிய முகலன் என்னும் மாதேரர் வேளைக்காரரை அழைத்து வேண்டினார். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் முதலிய பிரிவினர் யாவரும் தம் மூத்தோராகிய வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி அதற்கு உடன்பட்டனர். அக்கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' எனப் பெயரும் இட்டனர். அதன் ஊர்களையும் பொருளையும் பணியாளரையும் அங்கு அடைக்கலம் புகுந்தாரையும், தமக்குக் கேடு வரினும், தம் வழிமுறை உள்ளளவும் காப்பதாக ஆணையிட்டனர்.

இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். தந்தமே ஈழத்து அரசுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. தலைநகரில் அரண்மனையை எரித்த படையினிடமே அந்நாட்டின் தலையாய செல்வம் ஒப்புவிக்கப்பட்டது! தமிழரும் வடுகரும் மலையாளரும் கலந்த ஒரு படை, சிங்கள மக்கள் வணங்கும் பௌத்தப் பள்ளியைக் காக்கத் தமிழில் உறுதிமொழி எழுதிக் கல்லில் நாட்டியது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவரிடையே நம்பிக்கை இயலாததன்று என்பதற்கு இக்கல் சான்று பகர்கின்றது.

எனினும் கதையை இவ்விடத்தில் முடித்துவிடின் உண்மைக்கு மாறுசெய்தவராவோம். முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியிலும் (1153–1186) வேளைக்காரர் பிறருடன் கூடிக் கலகம் விளைத்தனர் என அச்சூளவம்சமே உரைக்கின்றது. கல்லில் வெட்டிய சொல்லும் பின்வந்தார் நெஞ்சில் தானே பதிந்துவிடவில்லை.

நம் முன்னோர் வரலாற்றைப் படிக்கும் நாம் பெரும்பள்ளிக் கல்வெட்டைப் பெருமையுடன் எடுத்துரைத்து, எரிந்த அரண்மனையை மறைத்துவிட விழைதல் இயல்பு. ஈழத்தார் சிலர் அரண்மனையை நினைத்துக் கல்வெட்டை மறத்தலும் இயல்பே. இரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பதே நேர்மை. அங்ஙனம் காணுங்கால் நமக்குப் புலனாவது யாது? கூலி மனிதனைக் களம்வரை அழைத்துச் செல்லும். களத்தில் நிற்கச் செய்வது அவன் மனம் உடன்பட்ட கடமையே. அவ்வுடன்பாடும் ஒருமுறை கூறி ஓய்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. உறுதிமொழிகளை எளிதிற் கூறும் பருவத்தினராகிய நாம், ஓரெழுத்து வேறுபாட்டை மறவாதிருப்போமாக. வேலை முடிந்தபின் வேலைக்காரன் வீடு திரும்பலாம். வேளை வரும்போதே வேளைக்காரன் யாரென்பது விளங்கும்.