இயக்குநர் நாற்காலியும் நமது பொறுப்பும்



கடைவீதியில் நாலு பேர் மதிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், நகரக் கூட்டுறவு வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ இயக்குநராக இருக்கும்படி நம்மைக் கேட்பார்கள். பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் அமர்கிறவர் அடுத்தவர் பணத்துக்குக் காவல் நிற்கிறார்.

நாமும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிதி நிறுவனத்தில் இயக்குநராக இருந்தோம். கூட்டம் என்றால் காபி, பலகாரம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். தலைவரின் உறவினருக்கே திரும்பத் திரும்பக் கடன் போனதை நாம் ஏனென்று கேட்கவில்லை. நிறுவனம் நொடித்தபோது சில்லறைக் கடைக்காரர்கள் நமது மண்டி வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, நீங்க இருக்கீங்கன்னுதானே போட்டோம்" என்றார்கள். நம்மிடம் பதில் இல்லை.

பெரிய வங்கிக்கும் இதே கதைதான். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை இருந்தது. அது கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ 6,500 கோடி ரூபாய், ஒரே கட்டுமானக் குழுமத்திடம் முடங்கியது. அதை மறைக்க 21,000-க்கும் அதிகமான போலிக் கணக்குகள் காட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் ஒரு கணக்கில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. அந்த வங்கி 2022 ஜனவரியில் வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மீதி கிடைக்க 10 ஆண்டு வரை தவணை.

இதில் நாம் கற்க வேண்டியவை:

1. கடன் ஓரிடத்தில் குவியக் கூடாது. மண்டிச் சரக்கு முழுவதையும் ஒரே கடைக்குக் கடனாகக் கொடுப்போமா? அதிகம் கடன் பெற்ற 20 பேரின் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

2. இயக்குநர்களுக்கும் அவர்களது உறவினர்களுக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகள் கடன் தருவதை, சில விலக்குகள் தவிர, ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் முன்னரே சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

3. பழைய பாக்கியை அடைக்கவே புதுக் கடன் கொடுத்து, வராக்கடனை நல்ல கடனாகக் காட்டுவதுண்டு. வட்டி ரொக்கமாக வந்ததா, கணக்கில் மட்டும் வந்ததா என்று பாருங்கள்.

4. தணிக்கையாளரை, மேலாளர் உடனில்லாமல், தனியே சந்தித்துப் பேசுங்கள்.

5. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். உடன்பாடில்லை என்றால் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நமது கடையில் கல்லாச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டோம். அந்த எச்சரிக்கை ஊரார் பணத்துக்கும் வேண்டும். கேள்வி கேட்டால் தலைவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். கேட்க நேரமில்லாதவர் அந்தப் பதவியை ஏற்காதிருப்பதே நாணயம்.