மாதிரியை எடுத்து உள்ளே வை

அன்புள்ள தங்கைக்கு,

காலாண்டு விடுமுறையில் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். நாலு வயது முதல் ஏழு வயது வரை ஒரு டஜன் வாண்டுகள். நவராத்திரியும் கூடவே வருவதால் கொலுப் படிக்குக் கீழே பார்க் கட்டலாம் என்ற யோசனை பிரமாதம். ஆனால் நீ அனுப்பிய பட்டியல்தான் என்னைத் தயங்க வைத்தது. நாளுக்கு ஒரு பொருள், அதற்கு நீயே செய்த அழகான மாதிரி, முன்கூட்டியே வெட்டிவைத்த துண்டுகள். அந்த மாதிரிகளையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடு.

மாதிரி மேசைமேல் இருந்தால் பிள்ளையின் கண் களிமண்ணில் நிற்காது. உன் யானையையும் தன் யானையையும் மாறி மாறிப் பார்க்கும். "எனக்கு வரல மிஸ், நீங்களே பண்ணிக் குடுங்க" என்று நீட்டிவிடும். நீயும் மனசு கேட்காமல் தும்பிக்கையைச் சரிசெய்வாய், அப்புறம் காதை. சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்வது உன் யானைதான்.

கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் எழுதிய நூலில் பிள்ளைகளின் படங்களை வயதுவாரியாகப் பருவம் பிரித்தார். இரண்டிலிருந்து நாலு வயது வரை கிறுக்கல். நாலிலிருந்து ஏழுக்குள் உருவங்கள் தலைகாட்டும். முதலில் வரும் மனிதருக்குப் பெரும்பாலும் வட்டத் தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். உன் வகுப்பில் ஒருவன் அப்படி ஒரு அம்மாவைச் செய்தால், "வயிறு எங்கே?" என்று கேட்காதே. அவன் வயதுக்கு அந்த அம்மா முழுசாகத்தான் இருக்கிறாள்.

அதற்காக ஒன்றுமே சொல்லித்தராமல் உட்கார்ந்துவிடாதே. என்ன செய்வது என்பதை அவர்களிடம் விடு; எப்படிச் செய்வது என்பதைத் தாராளமாகச் சொல்லிக்கொடு. களிமண்ணை எலுமிச்சம்பழ அளவில் உருட்டிக் கொடு, சின்னக் கைக்கு அதுதான் அடங்கும். காலை உடம்போடு சும்மா அழுத்தி ஒட்டினால் காயும்போது மண் சுருங்கி, மறுநாள் கால் தனியே கிடக்கும். ஒட்டும் இரண்டு இடத்தையும் குச்சியால் கீறி, நடுவில் குழைத்த சேற்றைத் தடவச் சொல். கத்தரிக்கோல் புதிதென்றால் முதலில் காகிதப் பட்டையின் ஓரத்தைத் துண்டு துண்டாக நறுக்கட்டும். வளைவு வெட்டும்போது திருப்ப வேண்டியது காகிதத்தை. இடக்கைப் பிள்ளை இருந்தால் அதற்கென்று தனிக் கத்தரி வாங்கு. சாதாரணக் கத்தரியில் அதற்கு வெட்டும் கோடே தெரியாது. பசைக்கு வீட்டிலேயே மைதா காய்ச்சு. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் விரலில் ஒட்டும் பசையில் அது கூடவே கூடாது.

பார்க்குக்கு ஒரு பெரிய தாம்பாளத்தில் ஈர மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவ வை. கொலு வைப்பதற்கு நாலைந்து நாள் முன்பே தூவினால்தான் பச்சை எழும்பும். தெளிக்கும் பொறுப்பு முறைவைத்து அவர்களுடையது. குளத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சாலைக்கு மரத்தூள், மீதிக்குத் தீப்பெட்டிக்கூடு, தேங்காய் நார், பழைய கல்யாணப் பத்திரிகை, பொத்தான். இவற்றை வகை வகையாகக் கிண்ணத்தில் போட்டு, எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் வைப்பதோடு உன் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. என் வகுப்பில் ஒரு சிறுமி தீப்பெட்டி வீடுகளை வரிசையாக அடுக்கி, ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பளிச்சென்று மஞ்சள் ஒட்டச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "கரண்ட் போயிடுச்சு. இந்த வீட்டுல மட்டும் இன்வெர்ட்டர் இருக்கு." கடைசி வீட்டில் ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருந்தது. எந்த மாதிரியிலிருந்தும் அந்தத் தெரு வந்திருக்காது.

பரிசு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வு 1973-ல் வெளியானது. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிட அவர்களே குறைவாக வரைந்தார்கள். "சூப்பர்" என்று போகிறபோக்கில் வீசுவதும் பாதிப் பரிசுதான். கண்ணில் பட்டதைச் சொல்: "குளத்துக்குப் படிக்கட்டு வச்சிருக்கியே, யார் இறங்குவாங்க?" பதில் சொல்லிக்கொண்டே அடுத்த படியை வைத்துவிடும்.

பெற்றோர்தான் உனக்குப் பெரிய சோதனை. பணம் கட்டியவர்கள், வாட்ஸ்அப்பில் போடுகிற மாதிரி ஒரு பொருளை எதிர்பார்ப்பார்கள். கோணல் யானையைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணியிருக்கலாமே" என்பார்கள். ஆகவே முதல் நாளே அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடு: இங்கே எந்தப் பொருளிலும் என் கை படாது, வீட்டுக்கு வந்ததும் நீங்களும் திருத்தாதீர்கள், இது என்ன, எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். இதற்கு ஒப்பாமல் ஒன்றிரண்டு பேர் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் நிறுத்தட்டும். மிச்சமுள்ளவர்களை வைத்து வகுப்பை நடத்து.

அன்புடன்,
உன் அக்கா