மூளை அலைகள் தரும் முன்னறிவிப்பு

டார்ச் விளக்கின் மின்கலம் 1.5 வோல்ட் மின்னழுத்தம் தருவதை அறிவீர்கள். அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு எவ்வளவு? 50 மைக்ரோ வோல்ட். மூளையின் இயக்கத்தால் நம் தலைத்தோலின் மேல் தோன்றும் மின்னழுத்தம் ஏறத்தாழ இவ்வளவே! இதைப் பெருக்கி, அலைகளாக வரைந்து காட்டுவதே மூளை மின்னலை வரைவு. சுருக்கமாக இ.இ.ஜி. என்பர். ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார்.

வலிப்பில் என்ன நிகழ்கிறது?

கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் வினாடிக்கு ஏறத்தாழ 10 சிற்றலைகள் எழுகின்றன. நரம்புச் செல்கள் பல ஒரே சமயத்தில் கட்டுமீறி இயங்கும்போது வலிப்பு உண்டாகிறது. கை கால் உதறுவது மட்டுமே வலிப்பு என எண்ணாதீர்கள். சில சிறுவர்கள் பேச்சின் நடுவே சுமார் பத்து வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் தொடர்வர். 'கவனமில்லாதவன்' என்று வகுப்பில் திட்டும் வாங்குவர். இதுவும் வலிப்பே. இந்நிலையில் ஒரு கூர்முனையும் ஓர் அகன்ற அலையும் இணைந்து வினாடிக்கு 3 முறை வருவதை, பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் 1935இல் விவரித்தனர்.

எந்த மருந்து பலிக்கும்?

கிளாஸ்கோ நகரில் புதிதாக மருந்து தொடங்கிய 470 பேரை ஆராய்ந்து, 2000இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 222 பேர்தான். மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் காலம் கழிகிறது. இங்கே அலைகள் கைகொடுக்கின்றன. மேற்சொன்ன 3 அலை வடிவம் தெரிந்தால், எத்தோசக்சிமைடு பலன் தரும் என எதிர்பார்க்கலாம். வேறுவகை வலிப்புக்கு நல்ல மருந்தாகிய கார்பமசபின் இதை மோசமாக்கவும் கூடும்!

இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றி இருந்தவருக்கு மருந்தை நிறுத்தலாமா? வரைவில் கூர்முனைகள் இன்னும் தென்பட்டால், வலிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல். எனவே மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

உங்கள் பங்கு

வலிப்பு உள்ளவருக்கும் அரைமணி நேரப் பதிவு இயல்பாக அமைவதுண்டு. அந்த நேரத்தில் கூர்முனைகள் எழாமல் போகலாம். ஆகவே நேரில் கண்டவர் கூறும் விவரம் மருத்துவருக்கு மிகவும் தேவை. உங்கள் தோழன் அடிக்கடி இவ்வாறு வெறித்து நின்றால் கேலி செய்யாதீர்கள். எத்தனை வினாடி நீடித்தது, அழைத்தபோது திரும்பினானா என்று கவனித்து, ஆசிரியரிடமும் அவன் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.